பட்டாம்பூச்சி நெபுலாவின் இறகுகளில் வாயு இப்போதும் பாய்கிறதா?

கேள்வி இதுதான்: இருமுனைக் கோள்வடிவ நெபுலாக்களின் (முதிய விண்மீன்கள் உதறிய, இரு பக்கமும் விரிந்த ஒளிரும் வாயு மேகங்கள்; பட்டாம்பூச்சி நெபுலா அவற்றில் ஒன்று) படங்களைப் பார்த்தால், நடுவிலிருக்கும் விண்மீனிலிருந்து இரண்டு பக்கமும் வாயு பீய்ச்சியடிப்பதுபோல் தெரிகிறதே, அது இப்போதும் அப்படித்தான் பாய்ந்துகொண்டிருக்கிறதா? நொடிக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வேகம் என்கிறார்கள். அப்படியானால் பத்து ஆண்டுக்கு முந்தைய படமும் இன்றைய படமும் ஏன் ஒன்றுபோலவே இருக்கின்றன?

இரண்டாவதற்குக் கடைசியில் வருகிறேன். முதலாவதற்கு ஒரு வரியில் பதில்: பெரும்பாலும் இல்லை. நீங்கள் பார்ப்பது குழாயிலிருந்து பாயும் தண்ணீர் அல்ல. பிள்ளையார் கோயில் வாசலில் சிதறுகாய் உடைத்ததும் தெருவெங்கும் தெறித்து ஓடும் சில்லுகள். உடைத்த கை எப்போதோ இறங்கிவிட்டது. சில்லுகள் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதுதான் சுவையான பகுதி. அதற்கு முன் பெயர்க் குழப்பத்தை முடித்துவிடலாம். கோள்வடிவ நெபுலாவுக்கும் கோள்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. 1781இல் யுரேனஸைக் கண்டறிந்த வில்லியம் ஹெர்ஷல், அடுத்த சில ஆண்டுகளில் தன் தொலைநோக்கியில் அதே மாதிரி மங்கிய வட்டங்களாகத் தெரிந்தவற்றுக்கு இட்ட பெயர் இது. உண்மையில் இவை சூரியனைப் போன்ற, அல்லது அதைவிடச் சில மடங்கு நிறை கொண்ட விண்மீன்கள் முதுமையில் உதறிய மேலுறைகள். விண்மீன் ஊதிப் பெருத்துச் செம்பெரும் நிலைக்குப் போகிறது. வெளிப்புறத்தை மெல்ல மெல்ல இழக்கிறது. கடைசியில் சூடான உள்கரு வெளியே தெரிகிறது. அந்தக் கருவின் புறஊதா ஒளி பட்டு, உதறிய வாயு அயனியாகி ஒளிர்கிறது. பல நெபுலாக்கள் உருண்டையாகவோ முட்டை வடிவிலோ இருக்கும். ஒரு பகுதி மட்டும் உடுக்கைபோல இடை சிறுத்து, இரு பக்கமும் மடல் விரித்து நிற்கும். அந்த உடுக்கைகளைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

வெகுகாலம் சொல்லப்பட்டுவந்த விளக்கம் இரண்டு காற்றுகளின் கதை. 1978இல் சன் குவோக், பர்ட்டன், ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற மூன்று வானியலாளர்கள் முன்வைத்தது. செம்பெரும் நிலையில் விண்மீனிலிருந்து கிளம்பும் காற்று மெதுவானது, அடர்த்தியானது. நொடிக்கு 10 முதல் 15 கி.மீ. உள்கரு வெளிப்பட்டபின் வீசும் காற்று மெல்லியது, ஆனால் வெறிபிடித்தது. நொடிக்கு 1000 கி.மீ.க்கும் மேல். இந்த வேகக்காற்று வெறும் ஊகம் அல்ல. அதே 1978இல் ஏவப்பட்ட ஐயூஇ என்ற புறஊதா செயற்கைக்கோள் அதைப் பல நெபுலாக்களின் மைய விண்மீன்களில் நேரடியாகவே பார்த்தது. பின்னால் கிளம்பியது முன்னால் போனதைத் துரத்திப் பிடித்து மோதுகிறது. முற்றத்தில் தேங்கிய மழைநீரை அகலமான மட்டையால் தள்ளினால் மட்டைக்கு முன்னால் நீர் வரம்புபோலக் குவியுமே, அப்படிப் பழைய வாயு ஓர் ஓடாகக் குவிகிறது. நாம் பார்க்கும் பளிச்சென்ற விளிம்பு அந்த ஓடுதான். அது பொதுவாக நொடிக்கு 20, 25 கி.மீ. வேகத்தில் விரிகிறது.

மோதிய வேகக்காற்றுக்கு என்ன ஆகிறது? அதிர்ச்சி அலையில் அதன் ஓட்டம் திடீரென்று தடைபட்டு, ஓட்டத்தின் ஆற்றலெல்லாம் வெப்பமாகிறது. 1000 கி.மீ. வேகக் காற்று இப்படி நின்றால் ஒரு கோடி டிகிரிக்கு மேல் போகும். மடல்களின் உள்ளே வெற்றிடம்போல இருண்டு தெரியும் பகுதி இந்தச் சூடான வாயு நிரம்பிய குமிழிதான். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் அது தெரியாது. எக்ஸ் கதிரில் தெரியும். 1999இல் ஏவப்பட்ட சந்திரா தொலைநோக்கி பல நெபுலாக்களில் அதைப் பார்த்தது. ஆனால் கோடிக்கணக்கான டிகிரி எதிர்பார்த்த இடத்தில் சில பத்து லட்சம் டிகிரிதான் இருந்தது. குமிழியும் குளிர்ந்த சுவரும் தொடும் இடத்தில் வெப்பம் கடத்தப்பட்டோ, இரண்டும் கலந்தோ இப்படி ஆகியிருக்க வேண்டும்.

இதில் உடுக்கை எங்கிருந்து வந்தது? பழைய காற்று எல்லாத் திசையிலும் ஒரே அளவாகப் போகாமல், இடுப்பைச் சுற்றி மெதுவடைபோல ஓர் அடர்ந்த வளையமாகக் கிடந்தால் போதும். குமிழி, வளையம் இருக்கும் பக்கம் தள்ளிப் பார்த்து முடியாமல், வடையின் ஓட்டை வழியாக மேலும் கீழும் பிதுங்கும். 1980களில் கான், வெஸ்ட், புரூஸ் பாலிக், வின்சென்ட் ஐக்கே ஆகியோர் இந்தக் கதையை வளர்த்தெடுத்தார்கள். கணினியில் ஓட்டிப் பார்த்தால் அச்சு அசலாக உடுக்கை வந்தது. பாடநூல்களில் இன்றும் பெரும்பாலும் இதுதான். கதை அழகாக இருக்கிறது, படங்களோடும் பொருந்துகிறது. ஆனால் வேகத்தை அளந்து பார்த்தபோது பாதிதான் சரி என்று தெரிந்தது.

வேகத்தை அளப்பது எப்படி என்பதைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். தொலைநோக்கியின் குவியத்தில் தலைமுடிபோல ஒரு குறுகிய பிளவை வைத்து, நெபுலாவின் நீள அச்சின்மேல் அதைக் கிடத்துகிறார்கள். பிளவின் வழியாக வரும் ஒளி மட்டும் நிறமாலைமானிக்குள் போகிறது. கிடைக்கும் படத்தில் ஒரு திசை நெபுலாவில் இடம், இன்னொரு திசை அலைநீளம், அதாவது வேகம். நம்மை நோக்கி வரும் வாயுவின் ஒளி நீலப் பக்கம் நகரும், விலகிப் போவது சிவப்புப் பக்கம் நகரும்; பள்ளியில் படித்த டாப்ளர் விளைவுதான். நகர்வு எவ்வளவு? ஹைட்ரஜனின் 6563 ஆங்ஸ்ட்ராம் (ஒளியின் அலைநீளத்தை அளக்கும் அலகு) சிவப்புக் கோட்டில், நொடிக்கு 20 கி.மீ. என்பது அரை ஆங்ஸ்ட்ராமுக்கும் குறைவு.

இங்கே ஒரு தொழில் நுணுக்கம் உண்டு. ஹைட்ரஜன் கோடு பளிச்சென்று இருக்கும், ஆனால் வேகம் அளக்க அது ஒத்துவராது. 10,000 டிகிரி வாயுவில் அணுக்கள் வெப்பத்தாலேயே அங்குமிங்கும் துள்ளுகின்றன. லேசான ஹைட்ரஜன் அதிகமாகத் துள்ளும்; அந்தத் துள்ளலே கோட்டை நொடிக்கு 20 கி.மீ. அகலத்துக்கு மழுங்கடித்துவிடும். அளக்க வேண்டிய விரிவும் அதே அளவு என்றால் என்ன தெரியும்? நைட்ரஜன் 14 மடங்கு கனமானது. அதன் துள்ளல் ஹைட்ரஜனுடையதில் கால்பங்குக்குச் சற்றே அதிகம்தான். அதனால் பக்கத்திலேயே 6584இல் இருக்கும் நைட்ரஜன் கோட்டையோ, பச்சைப் பகுதியில் 5007இல் இருக்கும் ஆக்சிஜன் கோட்டையோதான் இந்தத் துறையில் இருப்பவர்கள் தேடிப் போவார்கள். மெக்சிகோவின் சான் பெத்ரோ மார்த்திர் ஆய்வகத்தில் இந்த முறையில் நூற்றுக்கணக்கான நெபுலாக்களைப் பிளவு வைத்து அளந்து ஒரு பெரிய தொகுப்பே உருவாக்கியிருக்கிறார்கள்.

நிறமாலைப் படத்தைப் படிக்கப் பழகிவிட்டால் அது அழகான படத்தைவிட அதிகம் பேசும். விரியும் உருண்டை ஓடு ஒரு நீள்வட்டமாகத் தெரியும்: நடுவில் முன்சுவர் நீலத்திலும் பின்சுவர் சிவப்பிலும் பிரிந்து நிற்கும், ஓரங்களில் இரண்டும் சேர்ந்துவிடும். சாய்ந்து கிடக்கும் உடுக்கை என்றால் இரண்டு கண்ணிகள் கிடைக்கும். நம் பக்கம் சாய்ந்த மடல் மொத்தமாக நீலத்துக்கும், மறுபக்க மடல் சிவப்புக்கும் இழுபட்டிருக்கும். இரண்டும் நடுவில், இடுப்பில், கிட்டத்தட்ட பூஜ்ய வேகத்தில் சந்திக்கும். மாணவர்களிடம் முதலில் இந்தக் கண்ணிகளைக் காட்டிவிட்டு, நெபுலாவின் வடிவத்தை அவர்களையே வரையச் சொல்வது என் வழக்கம். படத்தை முதலில் காட்டிவிட்டால் கண் ஏமாந்துவிடும்.

இப்படி அளந்தபோது இருமுனை நெபுலாக்களில் திரும்பத் திரும்ப ஒரே ஒழுங்கு வந்தது: மையத்திலிருந்து இரண்டு மடங்கு தூரத்தில் இருக்கும் வாயு இரண்டு மடங்கு வேகத்தில் போகிறது. மூன்று மடங்கு தூரம், மூன்று மடங்கு வேகம். குழாயிலிருந்து பாயும் நீர் இப்படி நடக்காது. வாயிலில் வேகமாகவும் போகப்போகத் தளர்ந்தும், அல்லது வழியெங்கும் ஏறக்குறைய ஒரே வேகத்திலும்தான் பாயும். தூரத்துக்கு ஏற்ற வேகம் என்றால் அர்த்தம் வேறு. எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பியிருக்கின்றன; வேகமாகக் கிளம்பியது தூரம் போயிருக்கிறது, மெதுவாகக் கிளம்பியது பின்தங்கியிருக்கிறது. சிதறுகாய்க் கணக்குதான். தூரத்தை வேகத்தால் வகுத்தால், எந்தச் சில்லை எடுத்தாலும், உடைத்த நேரம் ஒன்றாகவே வரும்.

ஒரே ஒரு நெபுலாவை எடுத்துக்கொள்வோம். விருச்சிகத்தில் இருக்கும் என்ஜிசி 6302. பட்டாம்பூச்சி நெபுலா என்று ஹப்பிள் படத்தால் பிரபலமானது. நம் ஊரிலிருந்து பார்த்தால் ஆனி, ஆடி மாத இரவுகளில் தெற்கு வானில் நன்றாக மேலே நிற்கும் தேளின் வால் நுனியில் இருக்கும் மூலம் விண்மீனுக்குச் சில டிகிரி மேற்கே இருக்கிறது. சிறிய தொலைநோக்கியில் சின்னப் பஞ்சுத் துணுக்குபோலத் தெரியும். மைய விண்மீன் நாம் அறிந்த மிகச் சூடானவற்றில் ஒன்று, 2 லட்சம் டிகிரிக்கு மேல். ஆனாலும் 2009இல் ஹப்பிளில் புதிய கேமரா பொருத்தும்வரை யாராலும் அதைப் பார்க்க முடியவில்லை. இடுப்பு வளையத்தின் தூசு அவ்வளவு அடர்த்தியாக மறைத்திருந்தது.

அந்த வளையத்திலிருந்து தொடங்குவோம். அதிலிருக்கும் கார்பன் மோனாக்சைடு மூலக்கூறுகள் மில்லிமீட்டர் அலைகளில் ஒளிர்கின்றன. ரேடியோ தொலைநோக்கிகளால் அதன் நிறையையும் வேகத்தையும் அளந்தார்கள். நிறை சுமார் 2 சூரியன்கள். வேகம் நொடிக்கு வெறும் 8 கி.மீ. பின்னோக்கிக் கணக்கிட்டால், வளையம் சுமார் 7500 ஆண்டுகளுக்கு முன் விடுபடத் தொடங்கி, ஏறக்குறைய 2900 ஆண்டுகளுக்கு முன் நின்றுவிட்டது. விண்மீன் தன் உடம்பில் பெரும்பகுதியை அவசரமே இல்லாமல் இடுப்பு வழியாகக் கழற்றி வைத்திருக்கிறது.

மடல்கள் வேறு கதை. வானியலாளர் ஜான் மீபர்ன் குழுவினர் வடமேற்கு மடலில் வேகத்தை அளந்தபோது, தூரத்துக்கு ஏற்ற வேகம் என்ற அதே ஒழுங்கு வந்தது. நுனியில் அது நொடிக்கு 600 கி.மீ.யைத் தாண்டியது. வயது சுமார் 2200 ஆண்டுகள். வளையத்தின் வேலை முடிந்த சில நூறு ஆண்டுகளில் மடல்கள் கிளம்பியிருக்கின்றன. 600 கி.மீ. வேகத்தில் 2200 ஆண்டு ஓடினால் சுமார் 4.4 ஒளியாண்டு, அதாவது சூரியனிலிருந்து அடுத்த விண்மீன் வரையுள்ள தூரம். ஒரே விண்மீனின் இடுப்பில் 8, நுனியில் 600. இந்த முரணைத்தான் அந்த நிறமாலை காட்டுகிறது.

சில்லுகள் ஏன் தங்களுக்குள் கலந்து சமமாகிவிடவில்லை? வாயு என்றால் அழுத்தம் உண்டே? உண்டு. ஆனால் அழுத்தம் என்ற செய்தி வாயுவுக்குள் ஒலியின் வேகத்தில்தான் போகும். 10,000 டிகிரி அயனி வாயுவில் ஒலிவேகம் நொடிக்குப் பத்துப் பதினைந்து கி.மீ. மடலோ நூற்றுக்கணக்கான கி.மீ. வேகத்தில் நீண்டுகொண்டிருக்கிறது. நுனியில் என்ன நடக்கிறது என்பது அடிக்குத் தெரியவருவதற்குள் நுனி எங்கோ போய்விடும். ஆகவே ஒவ்வொரு துண்டும் மற்றதைக் கண்டுகொள்ளாமல், எறிந்த கல்போலத் தன் வேகத்தில் போகிறது. இதில் ஒரு திருத்தமும் உண்டு. பிற்காலத்தில் ஹப்பிள் படங்களைக் கொண்டு இதே நெபுலாவை நுணுக்கமாக அளந்தபோது, உட்பகுதி அந்த நேர்கோட்டைவிடச் சற்றே கூடுதலாகத் தள்ளப்பட்டிருப்பது தெரிந்தது. மைய விண்மீன் சூடேறி வாயுவை அயனியாக்கியதும் உள்ளே அழுத்தம் எகிறி, ஒரு சிறு தள்ளு கொடுத்திருக்கிறது. எறிந்த கல்லுக்குப் பின்னாலிருந்து ஒரு ஊதல், அவ்வளவுதான்.

இங்கே நிறுத்தி ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். இணையத்தில் பலரும் தவறுவது இந்த இடத்தில்தான். 'தூரத்துக்கு ஏற்ற வேகம்' என்ற நேர்கோடு கிடைத்தவுடனே வெடிப்பு என்று முடிவுகட்டிவிட முடியாது. இரண்டு காற்றுக் கதையிலும், பழைய காற்றின் அடர்த்தி தூரத்தின் இருமடிக்கு நேர்மாறாகக் குறைந்து, புதிய காற்றும் மாறாமல் வீசினால், சுவரின் ஒவ்வொரு பகுதியும் தனக்கென்று ஒரு நிலையான வேகத்தில் போகும்; முனைப்பகுதி வேகமாக, இடுப்பு மெதுவாக. அப்போதும் அதே நேர்கோடுதான் வரும். ஆகவே நேர்கோட்டை மட்டும் நம்பக் கூடாது. வெடிப்புப் பக்கம் தராசைச் சாய்த்தது வேறொரு கணக்கு: உந்தக் கணக்கு, அதாவது நிறையை வேகத்தால் பெருக்கிய கணக்கு.

அந்தக் கணக்கை நீங்களே ஒரு தாளில் போட்டுப் பார்க்கலாம். முதுமை விண்மீன் காற்றைத் தள்ளுவது ஒளியின் அழுத்தத்தால். தூசுத்துகளில் ஒளி பட்டுத் தள்ளுகிறது, தூசு வாயுவை இழுத்துக்கொண்டு போகிறது. விண்மீன் சூரியனைப்போல் 10,000 மடங்கு பிரகாசம் என்று தாராளமாக வைத்துக்கொள்வோம். அந்த ஒளி முழுவதையும் ஒரு பொட்டு வீணாகாமல் பிடித்தால் கிடைக்கும் விசை, பிரகாசத்தை ஒளிவேகத்தால் வகுத்தது. இனி, சூரிய நிறையில் பத்தில் ஒரு பங்கு வாயுவை நொடிக்கு 100 கி.மீ. வேகத்துக்குக் கொண்டுபோக எவ்வளவு காலம் ஆகும்? சுமார் 50,000 ஆண்டுகள். மடல்கள் உருவாக எடுத்துக்கொண்டதோ சில நூறு ஆண்டுகளோ அதற்கும் குறைவோ. 2001இல் ஸ்பெயினைச் சேர்ந்த புஹராபல் குழுவினர், கோள்வடிவ நெபுலாவாக மாறப்போகும் இளம் நிலையில் இருக்கும் பல பொருள்களில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தார்கள். பெரும்பான்மையானவற்றில் வாயுவின் உந்தம் ஒளியால் தர முடிந்ததைவிட மிக அதிகம். சிலவற்றில் ஆயிரம் மடங்கு வரை. இரண்டு காற்றுக் கதையின் மெல்லிய வேகக்காற்றால் இதை ஈடுகட்டவே முடியாது. இந்த உந்தத்தை விண்மீன் வேறு எங்கிருந்தோ கடன் வாங்கியிருக்க வேண்டும்.

கடன் கொடுத்தவர் பெரும்பாலும் துணை விண்மீன். இரண்டு விண்மீன்கள் ஒன்றையொன்று சுற்றும்போது அந்தச் சுற்றில் ஏராளமான ஆற்றல் முடங்கிக் கிடக்கிறது. பெரியவர் ஊதிப் பெருத்துத் துணையை விழுங்கிவிட்டால், துணை அவருடைய மேலுறைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி உள்ளே இறங்குகிறது. இறங்கும்போது விடுபடும் ஆற்றல் மேலுறையைக் கிளப்பிவிடுகிறது. சுற்றுத் தளத்தில்தான் அதிக வாயு சேர்கிறது, அதனால் வளையம். விழுங்கப்படாத துணை என்றால், அது பெரியவரின் வாயுவைத் தன்பக்கம் இழுத்து ஒரு சுழல் வட்டாகச் சேர்த்து, அந்த வட்டின் அச்சு வழியாக இரு பக்கமும் தாரையாக உமிழ்கிறது. இந்தத் தாரைகள்தான் முதலில் துளைக்கின்றன; மடல்கள் பின்னால் வருகின்றன. சகாய், டிரௌகர் என்ற வானியலாளர்கள் 1998இலேயே ஹப்பிள் படங்களை வைத்து, வேகமான தாரைகளே நெபுலாவின் வடிவத்தை முதலில் செதுக்குகின்றன என்று வாதிட்டார்கள். அப்போது பலருக்கு அது மிகையாகத் தோன்றியது.

சான்றுகள் சேர்ந்துகொண்டே வந்திருக்கின்றன. செண்டாரஸ் தொகுதியில் ஃபிளெமிங் 1 என்ற நெபுலாவில், மையத்திலிருந்து இருபுறமும் வளைந்து நெளிந்து போகும் வாயு முடிச்சு வரிசைகள் உண்டு. தாரையின் அச்சு தள்ளாடும் பம்பரம்போலச் சுழன்றால்தான் அப்படி ஒரு வளைவு வரும். 2012இல் ஆன்றி போஃபின் குழுவினர் சிலியின் பெரிய தொலைநோக்கியால் அதன் மையத்தைப் பார்த்தபோது, அங்கே 1.2 நாளுக்கு ஒருமுறை சுற்றும் இரட்டை விண்மீன் இருந்தது. சுற்றுப்பாதையின் சாய்வையும் நெபுலாவின் சாய்வையும் தனித்தனியே அளக்க முடிந்த 8 நெபுலாக்களை 2016இல் ஒப்பிட்டார்கள்: எட்டிலும் நெபுலாவின் அச்சு சுற்றுத்தளத்துக்குச் செங்குத்தாகவே இருந்தது. தற்செயலாக இப்படி அமைய வாய்ப்பே இல்லை என்று சொல்லிவிடலாம். என் கருத்தைக் கேட்டால், இரண்டு காற்றுக் கதை தவறு அல்ல. அது இரண்டாம் அங்கம். முதல் அங்கத்தில் துணையோடு சேர்ந்து உடைத்துப் போட்டதை, பின்னால் வரும் வேகக்காற்று ஊதி, மெருகேற்றி, சுவரைத் தெளிவாக்குகிறது.

இடுப்பிலிருக்கும் வாயு எல்லாமே வெளியே போய்க்கொண்டிருப்பதாகவும் நினைக்க வேண்டாம். சிவப்புச் செவ்வகம் என்ற பொருளின் நடுவில், வாயு விரிவதற்குப் பதிலாக, சூரியனைக் கோள்கள் சுற்றுவதுபோல் உள்ளே வேகமாகவும் வெளியே மெதுவாகவும் சுற்றுவதை ரேடியோ தொலைநோக்கிகள் காட்டின. அங்கேயும் நடுவில் இரட்டை விண்மீன்தான்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. விரிவு வாயுவை எவ்வளவு தூரம் மாற்றும் என்பதற்கு பூமராங் நெபுலாவைப் போல் வேறு எடுத்துக்காட்டு இல்லை. அழுத்தத்தில் அடைபட்ட வாயு திடீரென்று விரிந்தால் குளிரும்.  பூமராங்கில் வாயு நொடிக்கு 164 கி.மீ. வேகத்தில் விரிந்து விரிந்து 1 கெல்வினுக்கு, அதாவது குளிரின் கடைசி எல்லைக்கு ஒரே ஒரு டிகிரி மேலே வரை, குளிர்ந்துவிட்டது. பெருவெடிப்பின் மிச்சமாக வெளியெங்கும் நிறைந்திருக்கும் பிரபஞ்சப் பின்னணிக் கதிர்வீச்சே 2.7 கெல்வின். அதாவது இந்த வாயு வெற்று வெளியைவிடக் குளிரானது. இயற்கையில் நாம் அறிந்த மிகக் குளிர்ந்த இடம். பத்துப் பன்னிரண்டு கி.மீ. வேகத்தில் அசைந்து போகும் சாதாரணக் காற்றால் இது முடியாது. அங்கேயும் யாரோ ஓங்கி உடைத்திருக்கிறார்கள்.

இப்போது இரண்டாவது கேள்வி. ஏன் படங்கள் மாறுவதில்லை?

மாறுகின்றன, நம் கண்ணுக்கு எட்டுவதில்லை. பட்டாம்பூச்சி நெபுலா சுமார் 3800 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. அங்கே வானத்தின் குறுக்கே நொடிக்கு 100 கி.மீ. வேகத்தில் போகும் ஒரு முடிச்சு, நம் பார்வையில் ஆண்டுக்கு 0.018 விகலை நகரும். ஒரு விகலை என்பது ஒரு டிகிரியில் 3600இல் ஒரு பங்கு. தரையிலிருந்து எடுக்கும் படத்தில் வளிமண்டலமே ஒரு விகலை அளவுக்கு மழுங்கடித்துவிடும். அந்த முடிச்சு அவ்வளவு தூரம் நகர 55 ஆண்டுகள் ஆகும். அதனால்தான் மீபர்ன் குழுவினர் சுமார் 50 ஆண்டு இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களை ஒப்பிட வேண்டியிருந்தது. ஹப்பிளுக்கு வளிமண்டலத் தொல்லை இல்லை. ஒன்பதரை ஆண்டு இடைவெளியில் எடுத்த படங்களே போதுமானதாக இருந்தது. அந்த அளவிலிருந்தும் சுமார் 2250 ஆண்டு என்ற வயதே வந்தது. கவனித்துப் பாருங்கள், இந்த வயதுக்குத் தூரம் தேவையே இல்லை: மையத்திலிருந்து எத்தனை விகலை, ஆண்டுக்கு எத்தனை விகலை, வகுத்தால் வயது. தூரம் தப்பாக இருந்தாலும் வயது தப்பாது. வானியலில் இவ்வளவு சுத்தமான அளவு அபூர்வம்.

ஆனால் சில ஆண்டுகளிலேயே மாறும் ஒரு நெபுலா இருக்கிறது. ஓபியூக்கஸ் தொகுதியில் உள்ள மின்கோவ்ஸ்கி 2-9. 1947இல் ருடால்ஃப் மின்கோவ்ஸ்கி கண்டறிந்தது. இரட்டைத் தாரை நெபுலா என்றும் சொல்வார்கள். 1950களிலிருந்து எடுத்த படங்களை வரிசையாக வைத்தால், அதன் மடல்களுக்குள் இருக்கும் பிரகாசமான முடிச்சுகள் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நகர்ந்துகொண்டே போகின்றன. இரு மடல்களிலும் ஒரே பக்கமாக, கண்ணாடி பிம்பம்போல. வாயு அப்படிப் பக்கவாட்டில் ஓடுகிறது என்று எடுத்துக்கொண்டால், அதற்கு நொடிக்குப் பல நூறு கி.மீ. வேகம் வேண்டும், அந்த வேகத்தில் போகும் முடிச்சு மடலின் சுவரோடு திரும்பாமல் அதைப் பிய்த்துக்கொண்டு வெளியே போயிருக்கும்.

உண்மையில் அங்கே வாயு பக்கவாட்டில் நகரவே இல்லை. நடுவில் இருப்பது இரட்டை விண்மீன். சுமார் 90 ஆண்டுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றுகின்றன. அதிலிருந்து கிளம்பும் மெல்லிய வேகத்தாரை, கலங்கரை விளக்கத்தின் ஒளிக்கற்றைபோல மடலின் உட்சுவரைத் தடவிக்கொண்டே சுற்றுகிறது. தாரை படும் இடம் ஒளிர்கிறது, விலகியதும் மங்குகிறது. நகர்வது வெளிச்சம், சுவரில் இருக்கும் வாயு தன் பழைய வழியில் வெளியே போய்க்கொண்டிருக்கிறது. இதன் இடுப்பிலும் இரண்டு வாயு வளையங்களை ரேடியோ தொலைநோக்கிகள் பார்த்தன: ஒன்று சுமார் 1400 ஆண்டுகளுக்கு முன் கிளம்பியது, மற்றது சுமார் 900 ஆண்டுகளுக்கு முன். இரண்டின் மையங்களும் சற்றே விலகியிருக்கின்றன. உமிழ்ந்த விண்மீன் அந்த இரண்டு நேரங்களிலும் தன் சுற்றுப்பாதையில் வேறு வேறு இடங்களில் இருந்தது என்பதே அதற்குக் காரணம் என்கிறார்கள்.

1997இல் ஹப்பிள் எடுத்த மின்கோவ்ஸ்கி 2-9 படமும் அதற்குப் பிறகு எடுத்த படமும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. இரண்டையும் ஒரே அளவுக்குச் சுருக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உண்மையிலேயே விரைந்துகொண்டிருக்கும் வெளிவிளிம்பு அசையாததுபோல் இருக்கும். எங்கும் போகாத முடிச்சுகள்தான் இடம் மாறியிருக்கும்.